ஆட்சிமுறைகளை வகைப்படுத்துவதும் ஒப்பிடுவதும்: ஆள்பவரை இறக்குவது யார்?

உலக நாடுகளின் ஆட்சிமுறைகளை எத்தனை வகைகளாகப் பிரிக்கலாம், அவற்றை எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுவது, ஒரே நாட்டை ஓர் ஆய்வு நிறுவனம் மக்களாட்சி என்றும் இன்னொன்று எதேச்சாதிகாரம் என்றும் எழுதுவது எப்படி என்பது கேள்வி. இதற்கு ஓர் எண்ணைச் சொல்லி விடையளிக்க முடியாது. எதை அறிய விரும்புகிறோமோ அதைப் பொறுத்தே வகைகளின் எண்ணிக்கை அமைகிறது. இரண்டு வகை, நான்கு வகை, ஆறு வகை என்று பல பட்டியல்கள் அரசியலறிஞர்களிடையே புழங்குவதற்கு, அவர்கள் எழுப்பிய வினாக்கள் வெவ்வேறானவை என்பதே முதன்மைக் காரணம். எனினும் இந்தப் பட்டியல்கள் அனைத்திலும் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ ஒரு வினா இருந்துகொண்டே இருக்கிறது: ஆட்சியில் இருப்பவர் அதிலிருந்து இறங்குவது எப்படி, அவரை இறக்கும் வலிமை யாரிடம் உள்ளது? ஒரு நாட்டைப் பற்றி ஒரே ஒரு வினாவுக்கு மட்டும் விடை கிடைக்கும் என்றால் நான் கேட்க விரும்புவது இதைத்தான். கீழே வருவனவற்றை அந்த வினாவின் வழியாகவே சொல்லிச் செல்கிறேன்.

அதற்கு முன் அரசு, ஆட்சிமுறை, அரசாங்கம் ஆகிய மூன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலப்பரப்பு, படை, வரிவசூல், அதிகாரிகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைக் கொண்ட நிலையான அமைப்பு அரசு. குறிப்பிட்ட காலத்தில் பதவியில் இருப்போர் அரசாங்கம். யார் எந்த வழியில் பதவிக்கு வரலாம், வந்தபின் எதுவரை செல்லலாம், எப்போது விலக வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுதியே ஆட்சிமுறை; அவற்றுள் எழுதப்பட்டவையும் உண்டு, எழுதப்படாமல் எல்லோரும் அறிந்தவையும் உண்டு. 1945-இல் பிரிட்டனில் சர்ச்சில் தேர்தலில் தோற்றபோது மாறியது அரசாங்கம் மட்டுமே. 1975-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்த பின் ஸ்பெயினில் 1977-இல் தேர்தலும் 1978-இல் புதிய அரசமைப்புச் சட்டமும் வந்தபோது ஆட்சிமுறை மாறியது. அரசின் அலுவலகங்களும் அலுவலர்களும் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தனர். 1991-இல் சோவியத் ஒன்றியத்தில் கலைந்தது அரசே. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நடக்கும் விவாதங்கள் மிகப் பல. ஓர் அரசாங்கத்தின் மீதான வெறுப்பையோ விருப்பையோ அந்நாட்டின் ஆட்சிமுறை பற்றிய தீர்ப்பாக முன்வைப்பது அவற்றுள் அடிக்கடி காணப்படுவது.

முடியாட்சி, குடியரசு என்ற பழகிய பிரிவும் நமக்கு அதிகம் உதவுவதில்லை. நார்வே, நெதர்லாந்து, ஜப்பான் ஆகியவற்றில் அரசர் உண்டு. ஆனால் ஆட்சி அவர் கையில் இல்லை. வட கொரியாவின் அதிகாரப்பூர்வப் பெயரிலோ ஜனநாயகமும் மக்களும் குடியரசும் ஒருசேர இடம்பெற்றுள்ளன. அரசமைப்புச் சட்டத்தின் வாசகங்களை நம்பி வகைப்படுத்தினாலும் இதே கதிதான்: சோவியத் ஒன்றியத்தின் 1936-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகிய அனைத்தையும் வழங்கியது, அதற்கு அடுத்த ஆண்டு, ஸ்டாலின் தம் எதிரிகளெனக் கருதியோரை ஒழித்த பெருங்களையெடுப்பு அதன் உச்சத்தைத் தொட்டது.

பழைய வகைப்பாடுகளுள் இன்றும் கருத்தூன்றிப் படிக்கத் தக்கது அரிஸ்டாட்டில் தந்தது. ஆள்பவர் ஒருவரா, சிலரா, பலரா என்பது அவருடைய முதல் அளவுகோல். ஆள்வது பொது நலனுக்காகவா, தம் நலனுக்காகவா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தபோது ஆறு வகைகள் கிடைத்தன. ஒருவரின் நல்லாட்சி முடியாட்சி, அது திரிந்தால் கொடுங்கோன்மை. சிலரின் நல்லாட்சி உயர்ந்தோர் ஆட்சி, அது திரிந்தால் செல்வர் ஆட்சி. பலரின் நல்லாட்சியை அவர் அரசமைப்புவழி ஆட்சி என்ற பொருளில் குறித்தார், அது திரிந்த நிலைக்கே மக்களாட்சி என்று பெயரிட்டார். இந்த ஆறும் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. இதை வகுத்த கையோடு அவரே இதன் அடித்தளத்தை அசைத்துப் பார்ப்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஒரு நகரில் செல்வரே பெரும்பான்மையினராக இருந்து ஆண்டால் அது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளும் அவர், எண்ணிக்கை தற்செயலானது, செல்வமும் வறுமையுமே உண்மையான வேறுபாடு என்ற முடிவுக்கு வருகிறார். எண்ணிப் பார்க்க எளிதான அளவுகோல் ஒன்று, உண்மையில் ஆட்சியை இயக்கும் அளவுகோல் வேறொன்று என்ற இந்தச் சிக்கலிலிருந்து இன்றைய புள்ளிவிவர அட்டவணைகளும் விடுபட்டபாடில்லை.

ஆள்வோரின் நோக்கத்தை அளவுகோலாகக் கொள்ளும் இந்த மரபு இருபதாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. பொதுநலன் என்பது எது என்பதிலேயே மக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும்போது, அதை நாடும் ஆட்சி எது என்று எவரும் நடுநிலையோடு கூறிவிட இயலாது. 1942-இல் ஜோசப் ஷும்பீட்டர் மக்களாட்சிக்குத் தந்த வரையறை இந்தத் தொல்லையை ஒரே வீச்சில் அகற்றியது: மக்களின் வாக்குகளுக்காகத் தலைவர்கள் போட்டியிட்டு அதன்வழி முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பெறும் ஏற்பாடே மக்களாட்சி. ஆட்சி நன்றாக நடக்கிறதா, நீதியாக நடக்கிறதா என்பவை இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இதை வறண்ட வரையறை என்று குறை கூறுவோர் உண்டு; அந்த வறட்சியே அதன் பயன் என்பது என் கருத்து. மக்களாட்சி ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா என்று ஆராய விரும்பும் ஒருவர், ஏற்றத்தாழ்வு குறைவாக இருப்பதையும் மக்களாட்சியின் இலக்கணத்தில் சேர்த்துக்கொண்டால், ஆராய எதுவும் மிஞ்சாது.

1971-இல் ராபர்ட் டால் இந்தச் சிந்தனையை இரு பரிமாணங்களாக விரித்தார். ஆட்சியில் இருப்போரை வெளிப்படையாக எதிர்த்துப் போட்டியிட எவ்வளவு இடம் உண்டு என்பது ஒன்று. அந்தப் போட்டியில் பங்கேற்கும் உரிமை மக்களில் எத்தனை பேருக்கு உண்டு என்பது மற்றொன்று. சோவியத் ஒன்றியத்தில் வயது வந்தோர் ஏறக்குறைய அனைவரும் வாக்களித்தனர். போட்டி மட்டும் இல்லை. இனஒதுக்கல் காலத் தென்னாப்பிரிக்காவில் கட்சிகள் உண்மையாகவே போட்டியிட்டன, எதிர்க்கட்சி இருந்தது. ஆனால் கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. ஒரே கோட்டில் வைத்து அளந்தால் இவ்விரண்டும் நடுவே எங்கோ அருகருகே விழுந்துவிடும். இரண்டு பரிமாணங்களில் வைக்கும்போதுதான் எதிரெதிர் மூலைகளில் நிற்பது தெரியும். பங்கேற்புப் பரிமாணத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆய்வுத் துறைக்குள்ளேயே சான்று உள்ளது. நீண்ட காலமாகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட பாலிட்டி அட்டவணை, மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை மதிப்பெண் தருவது. ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, அவர் மீதான கட்டுப்பாடுகள், போட்டி ஆகியவற்றையே அது பெரிதும் நோக்கியதால், வாக்குரிமை எத்தனை பேருக்கு உண்டு என்பது மதிப்பெண்ணை அதிகம் பாதிக்கவில்லை. ஆகவே, கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்களுக்கு 1971 வரை வாக்குரிமை அளிக்காத சுவிட்சர்லாந்து, 1848 முதலே முழு மதிப்பெண்ணோடு அந்த அட்டவணையில் காட்சியளிக்கிறது.

போட்டி உண்மையானதா என்று அறிவது எப்படி? ஆளுங்கட்சி தோற்றுப் பதவி விலகியதா என்று பாருங்கள் என்பது ஆடம் ஷெவோர்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் தந்த விடை. தேர்தலில் கட்சிகள் தோற்கக்கூடிய ஏற்பாடே மக்களாட்சி என்று கொண்டு, ஒரே கட்சி தொடர்ந்து வென்றுகொண்டே இருக்கும் நாட்டை, அது தோற்றுக் காட்டும்வரை மக்களாட்சியின் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். இந்த விதியின் கடுமைக்கு ஆளான நாடு போட்ஸ்வானா. 1966-இல் விடுதலை பெற்றது முதல் அங்கே தேர்தல்கள் ஒழுங்காக நடந்துவந்தன, ஊடகங்கள் ஓரளவு சுதந்திரமாகச் செயல்பட்டன, நீதிமன்றங்கள் மதிக்கப்பட்டன. ஆனால் ஒரே கட்சியே ஒவ்வொரு முறையும் வென்றது. பலரும் அதை ஆப்பிரிக்காவின் முன்மாதிரி மக்களாட்சி என்று போற்றிக்கொண்டிருக்க, இந்த ஆய்வாளர்களின் பட்டியலில் அது சர்வாதிகாரத்தின் பக்கமே நின்றது. 2024 அக்டோபர் தேர்தலில் அந்தக் கட்சி படுதோல்வி அடைந்தது. அதிபர் மசிசி உடனே தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார். அப்படியானால் போட்ஸ்வானா 58 ஆண்டுகளாக மக்களாட்சியாகத்தான் இருந்ததா, 2024-இல்தான் மக்களாட்சி ஆனதா? விதியை வகுத்தவர்கள் இந்த இடர்ப்பாட்டை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள்: தோற்றால் விலகுவார்களா என்பது தோற்கும் நாளில்தான் தெரியும், அதற்கு முன் எந்தப் பக்கம் சேர்த்தாலும் அது ஊகமே. நேர்மையான நிலைப்பாடு இது. ஆனால் ஒரு நாட்டின் இன்றைய வகை அதன் நாளைய நிகழ்ச்சியால் முடிவாவது விந்தைதான்.

மக்களாட்சியல்லாத ஆட்சிகளுக்கு வருவோம். அவை அனைத்தையும் சர்வாதிகாரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பது பிழை. இந்தத் துறையில் கடந்த அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி அந்தப் பிழையைத் திருத்தியதிலேயே அடங்கியுள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆய்வுகள் ஹிட்லரின் ஜெர்மனியையும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியத்தையும் முன்னிறுத்தி, வாழ்வின் எல்லாத் துறைகளையும் தன்வயப்படுத்தும் முற்றதிகாரம் என்ற வகையை உருவாக்கின. மக்களாட்சி ஒரு முனையில், முற்றதிகாரம் மறுமுனையில் என்று இருந்த படத்தில் ஃபிராங்கோவின் ஸ்பெயினை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அங்கே தேர்தல் போட்டி இல்லை. ஆனால் திருச்சபை, ராணுவம், முடியாட்சி ஆதரவாளர், தொழிலதிபர் எனத் தனித்த செல்வாக்குள்ள குழுக்கள் இருந்தன. மக்களை வீதிக்கு அழைத்து அணிவகுக்கச் செய்யும் ஆவேசமும் நாளடைவில் இல்லாமற்போயிற்று. குடிகள் அரசியலில் தலையிடாமல் வீட்டில் இருப்பதையே அந்த ஆட்சி விரும்பியது. 1964-இல் ஹுவான் லின்ஸ் இதை எதேச்சாதிகாரம் என்ற தனி வகையாக வரையறுத்தார். வரம்புக்குட்பட்ட பன்மைத்துவம், வகுத்துரைக்கப்பட்ட கொள்கைக்குப் பதிலாக ஒருவகை மனப்பாங்கு, மக்களைத் திரட்டாமை, தெளிவாக எழுதப்படாவிட்டாலும் முன்கூட்டி ஊகிக்கத்தக்க எல்லைக்குள் செயல்படும் தலைமை ஆகியவை அதன் இலக்கணம்.

லின்ஸின் வகைப்பாடு ஆட்சிக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை நோக்கியது. 1999-இல் பார்பரா கெடஸ் முன்வைத்த வகைப்பாடோ ஆட்சிக்குள்ளேயே நுழைந்து, பதவிகளைப் பகிர்வதும் முடிவுகளை எடுப்பதும் எந்தக் குழு என்று கேட்டது. ராணுவ ஆட்சி, ஒரு கட்சி ஆட்சி, தனிநபர் ஆட்சி என்பவை அவர் தந்த மூன்று வகைகள். மன்னராட்சி பின்னர் சேர்க்கப்பட்டது. நான் முதலில் எழுப்பிய வினாவுக்கு இந்த வகைப்பாடு நேரடியாக விடை தருகிறது. மக்களாட்சியில் ஆள்பவரை இறக்குவோர் வாக்காளர்கள். கட்சி ஆட்சியில் கட்சியின் மேல்மட்டம். ராணுவ ஆட்சியில் உடன் பணியாற்றும் தளபதிகள். மன்னராட்சியில் அரச குடும்பம். சவூதி அரேபியாவில் 1964-இல் மன்னர் சவூதைப் பதவியிலிருந்து அகற்றியது குடும்பத்தின் மூத்தோரும் சமய அறிஞர்களும்தான். தனிநபர் ஆட்சியில் அந்த வலிமை யாரிடமும் இல்லை, அல்லது அவ்வலிமை பெற்றவர் யாராயினும் அவரைத் தலைவர் முந்திக்கொண்டு ஒழித்துவிடுகிறார்.

இந்த வேறுபாட்டிலிருந்து ஆட்சிகள் முடிவுக்கு வரும் விதங்களும் வேறுபடுகின்றன. ராணுவ அதிகாரிக்கு ஆட்சியை விட்டாலும் பணியும் பதவியும் இருக்கின்றன. படையின் ஒற்றுமை குலைவதையே அவர் ஆட்சியை இழப்பதைவிடப் பெரிய கேடாகக் கருதுகிறார். எனவே தளபதிகளுக்குள் பிளவு தோன்றும்போது, பேச்சுவார்த்தை நடத்தி, தம் பாதுகாப்புக்கு வழி செய்துகொண்டு வெளியேற முற்படுகின்றனர். அர்ஜென்டினாவில் 1976-இல் ஆட்சியைப் பிடித்த முப்படைத் தளபதிகளின் குழு, ஏழே ஆண்டுகளில் நான்கு ராணுவ அதிபர்களைக் கண்டு, 1982-ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டனிடம் தோற்று, 1983-இல் தேர்தல் நடத்தி விலகியது. சராசரியாக மிகக் குறுகிய ஆயுள் கொண்டவை இந்த வகை ஆட்சிகளே. கட்சி ஆட்சியில் நிலைமை நேர்மாறானது. அதிகாரத்துக்கு வெளியே கட்சிக்காரருக்குக் கிடைப்பது எதுவுமில்லை என்பதால், சிறுபான்மையாகிவிட்ட பிரிவினரும் உள்ளேயே இருந்து தம் முறை வரும் என்று காத்திருப்பதே அறிவுடைமை. மெக்சிகோவில் 1929-இல் உருவாகிப் பின்னர் பெயர்கள் மாறிய ஒரே கட்சி 2000 வரை எல்லா அதிபர்களையும் தந்தது. அங்கே எந்த அதிபரும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை, மறுமுறை போட்டியிடவும் சட்டம் இடமளிக்கவில்லை. ஆண்ட அதிபர் ஒவ்வொருவரும் வலிமை மிக்கவராகவும், அதே வேளையில் விலகியே தீர வேண்டியவராகவும் இருந்ததே அந்த ஆட்சி 71 ஆண்டுகள் நிலைத்ததன் சூட்சுமம். தோற்ற பிறகும் அந்தக் கட்சி அழியவில்லை. 2012-இல் மக்கள் வாக்காலேயே அதிபர் பதவியைத் திரும்பப் பெற்றது.

தனிநபர் ஆட்சிக்கு ஸயரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஆண்ட மொபுட்டு எடுத்துக்காட்டு. 1965-இல் ராணுவப் புரட்சியின் வழியாக வந்தார், பின்னர் ஒரு கட்சியையும் அமைத்தார். ஆனால் ராணுவமோ கட்சியோ அவரைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருக்கவில்லை. 1997-இல் ஆயுதமேந்திய கிளர்ச்சிப் படை தலைநகரை நெருங்கும்வரை அவர் பதவியை விடவில்லை; தப்பியோடிய அதே ஆண்டில் வெளிநாட்டில் இறந்தார். ராணுவச் சீருடை அணிந்தவர் ஆள்வதாலேயே அது ராணுவ ஆட்சி ஆகிவிடாது, கட்சிக் கொடி பறப்பதாலேயே கட்சி ஆட்சி ஆகிவிடாது என்பதற்கு இவர் ஒருவரே போதும்.

இந்த வகைகள் தூய வடிவில் கிடைப்பது அரிது. சிலியில் 1973-இல் படைத் தளபதிகள் நால்வரின் குழுவாகத் தொடங்கிய ஆட்சி விரைவில் அவர்களுள் ஒருவரான பினோசெட்டின் தனிநபர் ஆட்சியாகத் தோற்றமளித்தது. ஆனால் 1988 அக்டோபரில், தம் பதவிக்காலத்தை நீட்டிக்க நடத்திய பொதுவாக்கெடுப்பில் அவர் தோற்ற அன்றிரவு, குழுவில் இருந்த விமானப்படைத் தளபதி, முடிவு பாதகமாக வந்திருப்பதைச் செய்தியாளர்களிடம் தாமாகவே சொல்லிவிட்டார். முடிவை மறுக்கப் பினோசெட்டுக்கு வழியில்லாமல் போயிற்று; 1990-இல் விலகினார். பெயரளவில் எஞ்சியிருந்த குழு ஒன்று, நெருக்கடி வந்த கணத்தில் உண்மையான தடையாக மாறியது. இதற்கு எதிர்த்திசையிலும் மாற்றம் நிகழும். சீனாவில் அதிபருக்கு இரண்டு பதவிக்காலம் மட்டுமே என்று 1982-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் வகுத்திருந்த வரம்பு 2018-இல் நீக்கப்பட்டது. அட்டவணையில் அது அன்றும் கட்சி ஆட்சி, இன்றும் கட்சி ஆட்சி. உள்ளிருக்கும் அதிகாரச் சமநிலை அதேதானா என்பதை அட்டவணை சொல்லாது. ஆகவே தனிநபர்மயமாதலை ஒரு வகையாகக் கொள்வதைவிட, எல்லா வகைகளிலும் ஏறவும் இறங்கவும் கூடிய ஓர் அளவாகக் கொள்வதே பொருத்தம் என்று கருதுகிறேன். அண்மைக்கால ஆய்வுகள் சிலவும் அப்படித்தான் செய்கின்றன.

பனிப்போர் முடிந்த பின் வகைப்படுத்துவோருக்குப் புதிய தலைவலி ஒன்று வந்தது. பல கட்சிகள் போட்டியிடும் தேர்தல் உண்டு, எதிர்க்கட்சிகள் சட்டப்படி இயங்குகின்றன, சில சமயம் வெல்லவும் செய்கின்றன; ஆனால் அரசு ஊடகமும் அரசுப் பணமும் நீதிமன்றமும் வரித்துறையும் ஆளுங்கட்சியின் கருவிகளாக இருக்கின்றன. இத்தகைய ஆட்சிகளை மக்களாட்சிக்கு முன்னொட்டுகள் சேர்த்துப் பெயரிடும் வழக்கம் பெருகியது. அவை மக்களாட்சியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் நாடுகள் என்ற நம்பிக்கை அந்தப் பெயர்களுக்குள் ஒளிந்திருந்தது. பல நாடுகள் அப்படி எங்கும் போகவில்லை. அரசியலறிஞர்கள் லெவிட்ஸ்கியும் வேயும் 2002-இல் இதைப் போட்டியுள்ள எதேச்சாதிகாரம் என்று தலைகீழாகப் பெயரிட்டது சரியான திருத்தம். பெருவில் 1990-இல் முறையாக அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபுஜிமோரி, 1992 ஏப்ரல் 5-ஆம் நாள் ராணுவத்தின் துணையோடு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். பிறகு தேர்தல்களை நடத்தி வென்றும் காட்டினார். தொலைக்காட்சி உரிமையாளர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அவருடைய உளவுத்துறை ஆலோசகர் பணம் கொடுப்பதைக் காட்டும் ஒளிப்பதிவுகள் 2000-இல் தொடங்கி ஒவ்வொன்றாக வெளியானபோதுதான் அந்தப் போட்டி எப்படி நடத்தப்பட்டது என்பது விளங்கியது. இந்த வகை ஆட்சியில் வாக்காளர்களால் ஆள்பவரை இறக்க முடியாது என்பதில்லை. சாய்ந்த களத்தில் எதிர்த்தரப்பு மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றாக வேண்டும் என்பதே கட்டுப்பாடு. மலேசியாவில் விடுதலைக்குப் பின் 61 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கூட்டணி 2018-இல் அப்படித்தான் வீழ்ந்தது.

இதனோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் தனியே வைக்க வேண்டிய இன்னொரு வகை உண்டு. வாக்கெண்ணிக்கையில் குறையில்லாமலேயே, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கைக்கு எட்டாத இடத்தில் அதிகாரத்தின் மையத்தை வைத்துவிடுவது அதன் இயல்பு. ஈரானில் அதிபரும் நாடாளுமன்றமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆனால் யார் போட்டியிடலாம் என்பதைப் பன்னிருவர் கொண்ட காவலர் மன்றம் முடிவு செய்கிறது, அவர்களில் அறுவரை, நாட்டின் உச்ச அதிகாரம் கொண்ட சமயத் தலைவரான உயர் தலைவரே நியமிக்கிறார். மியான்மரின் 2008-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் நாடாளுமன்ற இடங்களில் 25 விழுக்காட்டை ராணுவத்துக்கு ஒதுக்கியது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு வேண்டும் என்றும் விதித்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால், ராணுவத்தின் இசைவின்றி எதையும் மாற்ற முடியாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். அந்தப் பூட்டும் போதவில்லை என்று கருதிய ராணுவம் 2021 பிப்ரவரியில் ஆட்சியையே கைப்பற்றியது.

மக்களாட்சிகளுக்குள் செய்யப்படும் பிரிவுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவை நன்கு அறியப்பட்டவை. நாடாளுமன்ற முறையில் அரசாங்கம் அவையின் நம்பிக்கையை இழந்தால் விழும். அதிபர் முறையில் அதிபருக்கும் அவைக்கும் தனித்தனிப் பதவிக்காலம் உண்டு. 1962-க்குப் பிந்தைய பிரான்ஸைப் போன்றவற்றில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரும் அவைக்குப் பொறுப்பான பிரதமரும் உடனிருப்பர். அதிபர் முறை மக்களாட்சியின் ஆயுளைக் குறைக்கிறது என்று லின்ஸ் 1990-இல் எழுதியது நெடிய விவாதத்தைக் கிளப்பியது. முன்பு ராணுவ ஆட்சி நிலவிய நாடுகளே அதிபர் முறையை மிகுதியாகத் தேர்ந்தெடுத்தன, வீழ்ச்சிக்குக் காரணம் அந்த ராணுவ மரபே என்ற மறுப்பு எனக்கு வலுவானதாகப் படுகிறது.

இனி அளவீடுகள். கேள்வி கேட்போர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றனர். அமெரிக்க ஆய்வு அமைப்பான ஃப்ரீடம் ஹவுஸ் அரசியல் உரிமைகளுக்கு 40, குடிமை உரிமைகளுக்கு 60 என நூறு மதிப்பெண்ணுக்கு மதிப்பிட்டு, சுதந்திரமானது, ஓரளவு சுதந்திரமானது, சுதந்திரமற்றது என்று மூன்றாகப் பிரிக்கிறது. எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2006 முதல் வெளியிடும் குறியீட்டில் 60 வினாக்களும் நான்கு வகைகளும் உண்டு. தேர்தலும் உரிமைகளும் மட்டுமின்றி, அரசாங்கம் செயல்படும் திறன், மக்களின் பங்கேற்பு, அரசியல் பண்பாடு ஆகியவையும் அதில் சேரும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட வி-டெம் திட்டம், நாடுதோறும் பல வல்லுநர்களிடம் நுணுக்கமான வினாக்களைக் கேட்டு, 1789 வரை பின்னோக்கிச் செல்லும் தரவுகளைத் திரட்டி, தேர்தலற்ற எதேச்சாதிகாரம், தேர்தல் எதேச்சாதிகாரம், தேர்தல் மக்களாட்சி, தாராளவாத மக்களாட்சி என நான்கு வகைகளைத் தருகிறது.

2021-இல் வெளியான அறிக்கைகளில் இந்தியாவை ஃப்ரீடம் ஹவுஸ் ஓரளவு சுதந்திரமானது என்றும், வி-டெம் தேர்தல் எதேச்சாதிகாரம் என்றும், எகனாமிஸ்ட் பிரிவு குறையுள்ள மக்களாட்சி என்றும் வகைப்படுத்தின. இந்திய அரசு அந்த மதிப்பீடுகளை ஏற்க மறுத்தது. ஆட்சி மாற்றத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வோருக்கு, 1977 முதல் ஆளுங்கட்சிகள் பலமுறை தோற்று விலகிய நாடு அது. மூன்று அறிக்கைகளும் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுச் சரிவையே சுட்டின. திசையில் அவற்றுக்குள் வேறுபாடில்லை, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வேறுபாடு. தொடர்ச்சியான மதிப்பெண்ணை நான்கு பெட்டிகளாக வெட்டும்போது, கோட்டுக்கு அருகே நிற்கும் நாடு சிறிய மாற்றத்தாலும் பெட்டி மாறிவிடும். தலைப்புச் செய்தியாவதோ பெட்டியின் பெயர்தான். எகனாமிஸ்ட் குறியீட்டில் அமெரிக்கா 2016-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் குறையுள்ள மக்களாட்சியாக இறங்கியதற்கு, அரசாங்கத்தின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்ததே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. மக்களின் நம்பிக்கையை ஆட்சிமுறையின் உறுப்பாகக் கொள்ளலாமா என்பது விவாதத்துக்குரியது. கொள்ளக்கூடாது என்பது என் பக்கம்.

ஆட்சிமுறை மாறிய நாளைக் குறிப்பதும் முன்போல எளிதாக இல்லை. பெருவுக்கு 1992 ஏப்ரல் 5 என்ற நாள் உண்டு. வெனிசுவேலாவுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. 1998-இல் நியாயமான அதிபர் தேர்தலில் வென்ற சாவேஸ், 1999-இல் புதிய அரசமைப்புச் சட்டத்தையும் 2009-இல் பதவிக்கால வரம்பு நீக்கத்தையும் பொதுவாக்கெடுப்பின் வழியாகவே நிறைவேற்றினார். ஒவ்வொரு அடியும் ஏதோ ஒரு வாக்களிப்பின் துணையோடு எடுத்துவைக்கப்பட்டது. டாங்கிகள் வீதிக்கு வந்த காலத்தில் உருவான அளவுகோல்கள் இத்தகைய மெதுவான மாற்றத்தைத் தாமதமாகவே உணர்கின்றன. இவ்விடத்தில் வி-டெம் போன்ற தொடர்ச்சியான மதிப்பெண் முறைகள், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் முறைகளைவிடப் பயன் மிக்கவை.

கடைசியாக, ஒப்பிடுதல். எந்த ஆட்சிமுறை பொருளாதார வளர்ச்சிக்கு உகந்தது என்ற விவாதத்தில் சிங்கப்பூரையும் சீனாவையும் காட்டுவோர், ஸயரைப் பேச்சிலேயே எடுப்பதில்லை. 1950 முதல் 1990 வரையிலான தரவுகளை ஆராய்ந்த ஷெவோர்ஸ்கி குழுவினர், மொத்த வருமானத்தின் சராசரி வளர்ச்சி வேகத்தில் மக்களாட்சிகளுக்கும் சர்வாதிகாரங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டனர். மிக உயர்ந்த வளர்ச்சியும் மிக மோசமான சரிவும் சர்வாதிகாரங்களிடையேதான் மிகுதி. அவர்களுடைய தரவுகளில், 1975-இல் அர்ஜென்டினாவின் தனிநபர் வருமானம் எவ்வளவோ அதற்கு மேல் வருமானம் உள்ள எந்த நாட்டிலும் மக்களாட்சி வீழவில்லை. இன்று மக்களாட்சி நாடுகள் செல்வச் செழிப்போடு இருப்பதற்கு மக்களாட்சி செல்வத்தைத் தருவது காரணமா, செல்வம் மக்களாட்சியைக் காப்பது காரணமா என்ற வினாவை இது எழுப்புகிறது. ஒரே ஆண்டின் நாடுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதால் இதற்கு விடை கிடைக்காது. ஒரே நாட்டின் முன்னும் பின்னும், அல்லது ஒத்த நிலையில் இருந்து வேறு வழிகளில் சென்ற இரு நாடுகள் என்று ஒப்பிட்டால்தான் பயனுண்டு. அரசின் திறனையும் தனியே அளக்க வேண்டும். வரி வசூலிக்கவும் சட்டத்தை நிலைநாட்டவும் இயலாத ஓர் அரசில் நேரும் தோல்விகளை ஆட்சிமுறையின் கணக்கில் எழுதுவது அடிக்கடி நேர்கிறது.

நாடு என்ற அலகும் எப்போதும் சரியானதன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாக்களிப்பதிலிருந்து தடுக்கப்பட்டிருந்தனர். பல மாநிலங்களில் ஒரே கட்சி பல பத்தாண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டது. நாட்டு அளவிலான அட்டவணைகள் பலவற்றில் அக்காலம் முழுவதும் அமெரிக்கா முதல்தர மக்களாட்சியாகவே பதிவாகியுள்ளது. அந்த மாநிலங்களின் ஆளுநர்களை இறக்கும் வலிமை அங்கு வாழ்ந்த மக்களில் யாருக்கு இருந்தது என்று கேட்டால், மெக்சிகோவின் கட்சி ஆட்சியோடு அவற்றை ஒப்பிடுவதே பொருத்தமாக இருக்கும்; அண்மைக்காலத்தில் சில ஆய்வாளர்கள் அவ்வாறே மாநில அளவில் ஒப்பிடத் தொடங்கியுள்ளனர்.